நாலு மாதத்தில் இறந்த வில்லியம்

நவம்பர் 9, ஞாயிறு

மாமியின் முப்பாட்டனார் வில்லியம் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி கனடாவின் ஒன்ராறியோவுக்கு வந்தவர். அவருடைய பெற்றோரை இரண்டு வருடங்களுக்கு முன் நான்தான் கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஒரு கிராமத் தேவாலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயரும் ஆண்டும் பொருந்தின. என் கணவரின் தாய்க்கு, அதாவது மார்கரெட் மாமிக்கு, அன்று தலைகால் புரியவில்லை. வருகிற மாதம் அங்கே போய் அந்தப் பெற்றோரின் கல்லறையில் பூ வைக்கப் போகிறார்.

இன்று வேறு யாரையோ தேடும்போது அதே தேவாலயத்தில் இறந்தவர்களை அடக்கம் செய்த பதிவேட்டைத் திறந்தேன். அதே வில்லியம், அதே பெற்றோர், வயது நாலு மாதம். அப்படியானால் கப்பலேறிய வில்லியம் இந்தப் பிள்ளை இல்லை. பிறகு பிறந்த பிள்ளைக்கு அதே பெயரை வைத்தார்களா என்றும் தேடினேன். வைக்கவில்லை. ஞானஸ்நானப் பதிவு கிடைத்தால் அடக்கப் பதிவையும் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அன்று கிடைத்த சந்தோஷத்தில் பார்க்காமல் விட்டுவிட்டேன்.

அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"உதைப் போய் இப்ப சொல்லப் போறியே? எழுபத்தெட்டு வயசு மனுசி, பிளேன் ரிக்கெற்றும் எடுத்திட்டா."

"அது வேறை ஆரோ ஒரு பிள்ளையின்ரை தாய் தகப்பன், அம்மா."

"பிள்ளையைப் பறிகுடுத்த சனம்தானே. ஒரு பூ வைச்சால் குறைஞ்சோ போயிடும்?"

அம்மா சொன்னதில் பிழையில்லை. ஆனால் மாமி தன்னுடைய ஆட்கள் என்று நம்பித்தான் போகிறார். பின்னேரம் அவரை அழைத்துச் சொன்னேன். அப்படியானால் தன்னுடைய வில்லியம் யாருடைய பிள்ளை என்று கேட்டார்.

தெரியாது என்றேன். இரண்டு வருடங்களுக்கு முன்பே அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.