காலிபிளவரைத் தாண்டினால் அலை

ஏப்ரல் 9, புதன்

சிவப்பு இறால் பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டது. தபால் ஆபீஸ்காரி வழக்கம்போல ஒவ்வொரு மீனின் செவுளையும் தூக்கிப் பார்த்து, இது இன்றைக்குப் பிடித்ததா என்று கேட்டாள். இல்லையம்மா, உங்கள் கல்யாணத்தன்று பிடித்தது, நீங்கள் வருவீர்கள் என்று எடுத்து வைத்திருந்தேன் என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு கிலோ வாங்கிப் போனாள்.

கடையைக் கழுவிக்கொண்டிருந்தபோது நாத்தனார் ஒலிவா வந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். எவனாவது கிடைத்துவிட்டானோ என்று நினைத்தேன். இல்லை, ஒரு காகிதம்தான் கிடைத்திருக்கிறது. பலேர்மோ நகரத்தில் ஓர் இசைக்குழு, யுத்தகாலத்து நடனப் பாட்டெல்லாம் பாடுவார்களாம். உடையும் அந்தக் காலம், முடியும் அந்தக் காலம். கோடை முழுக்க ஊர் ஊராகப் போக ஒரு முடிக்காரி வேண்டுமாம். ஜூன் 7 அன்று ஆளுக்கொரு தலையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். கொண்டை ஊசி குத்திய தலையாக வரலாம், ஆனால் அவிழ்ப்பதும் வாருவதும் அவர்கள் கண் முன்னால். சூடு காட்டக் கூடாது. தண்ணீர், ஊசி, சீப்பு, பிரஷ், அவ்வளவுதான்.

இருபத்திரண்டு வருஷம் அடுத்தவள் கடையில் தலை அலசி, தரை கூட்டினவள். முன் நாற்காலியில் ஒரு நாள் நிற்கவிடவில்லை. ஜனவரியில்தான் சொந்தமாகக் கார் ஷெட்டில் ஒரு நாற்காலி போட்டாள். வாரத்துக்கு நாலு தலை வருகிறது, அதில் ஒன்று வழுக்கை. இது கிடைத்தால் இவள் வாழ்க்கையே வேறு.

யார் தலை என்று கேட்டேன். மருந்துக்கடைப் பெண் ரொசாலியாவாம். பட்டு மாதிரி முடி.

ஏப்ரல் 14, திங்கள்

ரொசாலியா நிச்சயம் பண்ணினவனை விட்டுவிட்டாள். கூடவே முடியையும் விட்டுவிட்டாள். காதுவரைக்கும் கத்தரித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஒலிவா என் சமையலறையில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே என் தலையைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"அண்ணி."

"முடியாது."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே."

என் முடியைச் சுருள் என்று சொல்வது மரியாதைக்காக. ஏழு வயதில், சர்ச்சில் முதல் நன்மை வாங்கப் போகிற அன்று, ஓர் அத்தை என் காய்ந்த முடியில் பிரஷ் போட்டாள். அன்றைக்கு எடுத்த படத்தில் நான் இல்லை. ஒரு புதர் இருக்கிறது, அதற்குக் கீழே ஒரு வெள்ளைக் கவுன். அதிலிருந்து எங்கள் வீட்டில் சட்டம்: ஈரமாக இருக்கும்போது மட்டும், எண்ணெய் போட்டு, அகலப்பல் சீப்பால். காய்ந்த முடியில் பிரஷ் பட்டால் அது உப்பி வாசலில் நுழையாது. முப்பது வருஷமாக மீன் கடையில் தொப்பிக்குள்தான் அது குடியிருக்கிறது.

சரி என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்?

ஏப்ரல் 22, செவ்வாய்

முதல் முயற்சி. ஒலிவா ஆளி விதையைக் கொதிக்கவைத்து வடிகட்டி, வழவழ என்று ஒரு கூழ் எடுத்தாள். ஈரத் தலையில் அதைத் தடவி, ஒவ்வொரு கற்றையாக விரலில் சுற்றி, தலையோடு ஒட்டப் படுக்கவைத்து இரண்டு ஊசி குறுக்கே குத்தினாள். தொண்ணூற்று நான்கு சுருள், நூற்று எண்பத்தெட்டு ஊசி. கோட்டைச் சுவர் மாதிரி இருந்தேன்.

மிச்சக் கூழை என் புருஷன் பால்தோ ரொட்டியில் தொட்டுச் சாப்பிட்டுவிட்டான். உப்பு கொஞ்சம் கம்மி என்றான்.

வெள்ளிக்கிழமை அவன் கப்பல் கிளம்புகிறது. ஜூன் பாதிவரை கடல்தான்.

ஏப்ரல் 23, புதன்

அவிழ்த்தாள். தலை முழுக்கத் தொங்கட்டான். பேக்கரிக் கண்ணாடிக்குள் அடுக்கிவைத்த குழல் பலகாரம் மாதிரி. இதைப் பிரஷ் போட்டு வாரித்தான் அலையாக்க வேண்டுமாம். அலை எதுவரை, எப்படி என்று பழைய படம் ஒன்றைக் காட்டினாள். பக்க வகிடு எடுத்து, நெற்றியிலிருந்து தோள்வரை கடல் மெல்லப் புரளுகிற மாதிரி.

பிரஷை வைத்தாள். பத்து இழுப்பில் தலை உப்பியது. இருபதில் காலிபிளவர். நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு நாய் ஓடியது. அவளும் பயந்து நிறுத்திவிட்டாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

தெற்குக் காற்று. குத்தின தலை காயவே இல்லை, இன்னும் ஈரம்.

மே 3, சனி

ஊசியோடு கடைக்குப் போனேன், மேலே துணி கட்டிக்கொண்டு. தபால் ஆபீஸ்காரி ஆபரேஷனா என்று விசாரித்தாள். ஆமாம், மூளையை எடுத்துவிட்டார்கள், இனி நானும் தபால் ஆபீஸில் சேரலாம் என்றேன்.

சாயங்காலம் அவிழ்த்தால் தலை முழுக்கக் கணவாய் வாசம். சனிக்கிழமை குத்துவதில்லை என்று முடிவு செய்தோம். பிரஷ், காலிபிளவர், என் கூச்சல். இது நாலாவது முறை.

ஒலிவா போகும்போது சொன்னாள், இந்த வேலை கிடைத்தால் செப்டம்பர்வரை ஊருக்கே வர முடியாதாம். நல்லதுதானே. நல்லதுதான்.

மே 11, ஞாயிறு

இன்று சண்டை. முப்பது இழுப்புக்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. கண்ணாடியில் அந்தப் புதரைப் பார்த்ததும் ஏழு வயது ஆகிவிடுகிறது எனக்கு. பிரஷைப் பிடுங்கி வீசிவிட்டேன். அது ரிக்கொட்டாப் பாலாடைப் பாத்திரத்தில் போய் விழுந்தது.

"நீங்க கத்தினா எனக்குக் கை நடுங்குது, அண்ணி. அந்தக் கடையில முதலாளியம்மா இப்படித்தான் கத்துவா."

எப்போதும் ஏதாவது சொல்லுவேன். இன்று பிரஷை எடுத்துக் கழுவிக் கொடுத்தேன்.

பலேர்மோவில் கொடுத்த பேரை எடுத்துவிடுகிறேன் என்றாள்.

மே 12, திங்கள்

அவள் வரவில்லை. ரிக்கொட்டாவைக் கொட்டினேன்.

மே 13, செவ்வாய்

நானே போனேன். நல்ல சங்கரா இரண்டு சுத்தம் செய்து எடுத்துப் போனேன். கார் ஷெட்டில் அந்த வழுக்கைக் கிழவருக்கு மிச்சமிருக்கும் ஏழெட்டு முடியை வெட்டிக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பேர் வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். கிழவர் சிரித்தார். அவளும் கடைசியில் சிரித்துவிட்டாள். பேரை இன்னும் எடுக்கவில்லையாம்.

மே 19, திங்கள்

இதை எழுதியே ஆக வேண்டும்.

அவிழ்த்து முடித்து, ஒலிவா பிரஷை எடுத்தாள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போது போன். கப்பலிலிருந்து பால்தோ. இருபத்து நாலு நாள் கழித்து அவன் குரல். வலை கிழிந்தது, சமையற்காரனுக்குப் பல்வலி, தனக்கு என் நினைப்பு என்று வரிசையாகச் சொன்னான். பல்வலிக்கு அடுத்தபடியாகவாவது என் நினைப்பு வந்ததே என்றேன். அவன் சிரித்தான். நானும். தலை இருப்பதே மறந்துபோயிற்று. ஒலிவாவும் அண்ணன் குரலைக் கேட்டபடி, தன் பாட்டுக்கு வாரிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

கால் மணி நேரம் கழித்து லைன் அறுந்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன்.

யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நெற்றியிலிருந்து ஒரு அலை, அது தோளுக்கு வந்து இன்னொன்றாக உருண்டு, கீழே மடங்கி... அந்தப் படத்தில் இருந்தது அப்படியே. ஒலிவா பிரஷைக் கையில் பிடித்தபடி நிற்கிறாள்.

காலிபிளவர் வரும். வந்தே தீரும். அதைத் தாண்டி வார வேண்டும். வாரிக்கொண்டே இருந்தால் சுருளெல்லாம் ஒன்றோடொன்று கைகோத்து இறங்கிவிடுகிறது. ஐம்பத்து நாலு வருஷமாகப் பாதி வழியிலேயே திரும்பி வந்திருக்கிறேன்.

மே 26, திங்கள்

போன் இல்லாமல் செய்து பார்த்தோம். நாற்பதாவது இழுப்பில் கத்திவிட்டேன். பிரஷ் நின்றது. காலிபிளவர்.

வாயில் எலுமிச்சை மிட்டாய் போட்டுக்கொண்டேன். மிட்டாயோடு கத்தினேன்.

ஒலிவா சொல்கிறாள், கோளாறு முடியில் இல்லையாம், அதற்குக் கொஞ்சம் கீழே இருக்கிறதாம். இந்த மாதிரிப் பேச்செல்லாம் என்னிடம்தான் கற்றுக்கொண்டாள்.

ஜூன் 5, வியாழன்

பால்தோவின் கப்பல் தூரம் போய்விட்டது, சனிக்கிழமை பேச முடியாது என்று செய்தி வந்தது. ஒலிவாவிடம் சொன்னேன். பரவாயில்லை அண்ணி என்றாள். உதடுதான் சொன்னது.

ஜூன் 8, ஞாயிறு

நேற்று எழுத முடியவில்லை.

தலையில் ஊசியும் துணியுமாக பஸ்ஸில் பலேர்மோ போனோம். தெற்குக் காற்று, நெருப்பும் ஈரமுமாக. கடலோரத்தில் ஒரு நடனக் கூடம். மேடையில் நாலு பெரிய மனிதர்கள், நடுவில் குழுத் தலைவர் கஸ்பாரே, மெழுகு தடவிய மீசை. மூலையில் தலையைத் துணியால் இறுக்கிக் கட்டிய ஒரு பெண், லிபோரியா, முக்கியப் பாடகியாம். வந்த தலைகளையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். இரண்டு தலையும் பட்டுத் தலை. அவிழ்த்தார்கள், பத்து நிமிஷத்தில் அலை. கைதட்டல். ஒலிவா என் பக்கம் திரும்பவே இல்லை.

எங்கள் முறை. துணியை எடுத்து ஊசியை உருவியதும் தொங்கட்டான்கள் விழுந்தன. மேடையில் யாரோ அடக்கிக்கொண்டு சிரித்தார்கள். பிரஷ். பத்து. இருபது. உப்ப ஆரம்பித்தது. எதிரே ஆளுயரக் கண்ணாடி. மீசைக்காரர் எட்டிப் பார்த்து, "அம்மா, இது போதும்னு நினைக்கிறேன்" என்றார், மரியாதையாகத்தான். ஒலிவாவின் கை மெதுவானது. எனக்குத் தொண்டைவரை வந்துவிட்டது கத்தல்.

பையிலிருந்து போனை எடுத்தேன். காதில் வைத்தேன்.

"என்னய்யா பால்தோ. ஆமா, நான்தான். எங்கயா? பலேர்மோல. உன் தங்கச்சி என் தலையில காலிபிளவர் போட்டிருக்கா, நல்ல வெளைச்சல். இங்க மீசைக்காரர் ஒருத்தர் பறிச்சிடலாங்கிறார். பொறுக்கச் சொல்லு. இல்லய்யா, நீ இருக்கிற எடத்துலேருந்தே சொல்லு."

கூடத்தில் சிரித்தார்கள். பிரஷ் மறுபடி ஓடியது. கண்ணை மூடிக்கொண்டேன். பேசிக்கொண்டே இருக்க வேண்டும், என்ன பேசுவது? இறால் விலை சொன்னேன். தபால் ஆபீஸ்காரியைச் சொன்னேன். அப்புறம் சொல்ல ஒன்றும் இல்லாமல் போய், உள்ளே கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"ஒண்ணு சொல்றேன், கேளு. இவ செயிச்சா போயிடுவா. நீயும் கடல்ல. நான் யாரக் கிண்டல் பண்ணிக்கிட்டு உக்காந்திருக்க? பிரஷக் கண்டாலே கத்தினேனே, முடிக்காக மட்டும் கத்தலய்யா. இவ போகாம இருந்தாத் தேவலைன்னு ஒரு கள்ளி உள்ள ஒக்காந்திருந்தா. இப்ப எறக்கிவிட்டுட்டேன். போகட்டும். தரை கூட்டின கை, இன்னைக்கு நடுங்கவே இல்ல. நீ பாக்கணும்."

பிரஷ் நிற்கவில்லை. கழுத்தில் ஒரு சொட்டு விழுந்தது, சூடாக. அதற்கும் நிற்கவில்லை.

கூடம் அமைதியானதும் கண்ணைத் திறந்தேன். அலை.

அந்த இரண்டு பட்டுத் தலைகளும் ஒரு மணி நேரக் காற்றில் வெந்த சேமியா மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தன. என்னுடையது அசையவில்லை. சுருளுக்குள் பிறந்த அலைக்குக் காற்றைப் பற்றி என்ன கவலை?

லிபோரியா இறங்கி வந்தாள். தலைத்துணியை அவிழ்த்தாள். என் சாதி முடி, அதே புதர். முன்பக்கம் மட்டும் விரல் நீளத்துக்குக் கருகி நின்றது. போன வருஷத்து முடிக்காரி சூட்டு இடுக்கியால் நேராக்கிய லட்சணம்.

"எனக்கும் இப்படி வருமாக்கா?" என்று ஒலிவாவைக் கேட்டாள்.

"வரும். நடுவுல கொஞ்ச நேரம் கண்ணாடி பாக்காம இருக்கணும்."

மீசைக்காரர் பேச வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. லிபோரியா என் பக்கம் குனிந்து, போனில் யார் என்று கேட்டாள். என் புருஷன் என்றேன்.

"மணி அடிக்கவே இல்லையே."

"அவரு அப்படித்தான். சத்தம் போடாத மனுஷன்."

ஜூன் 12, வியாழன்

துறைமுகத்துக்கு அலையோடு போனேன். பால்தோ மூட்டையோடு இறங்கினான், என்னைத் தாண்டி நாலடி போனான், திரும்பி வந்தான்.

"ஏம்மா, இங்க என் பொண்டாட்டி நின்னுக்கிட்டிருப்பா. வாய் பெருசா இருக்கும். பாத்தீங்களா?"

முப்பத்தொரு வருஷம் என்னோடு இருந்து இதையாவது கற்றானே.

ஜூன் 20, வெள்ளி

ஒலிவா கிளம்பினாள். பெட்டியில் துணி கொஞ்சம், ஊசி இரண்டு கிலோ. பஸ் நகரும்வரை இரண்டு பேரும் மாறி மாறிக் கிண்டல் பண்ணிக்கொண்டோம். பஸ் போன பிறகு நான் அங்கேயே நின்றேன்.

ஜூன் 23, திங்கள்

இறால் இல்லை. மத்தி மட்டும்.

ஜூலை 19, சனி

பால்தோ மறுபடி கடலில். இந்த வாரம் கடை லீவு. நானே கூழ் காய்ச்சி, நானே குத்தினேன். எழுபத்து மூன்று சுருள். பின்பக்கம் கோணல்தான், போகட்டும்.

இன்று காலை அவிழ்த்தேன். பிரஷை வைத்தேன். முப்பதில் புதர் வந்துவிட்டது. கை தானாக நின்றது.

போனை எடுத்தேன். இந்த முறை மணி அடித்தது.

"அண்ணி, எங்க இருக்கீங்க?" என்றாள் ஒலிவா. பின்னால் யாரோ பாடிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"காலிபிளவர்ல."

அவள் சிரித்தாள். போனை மேசையில் வைத்து, நிறுத்தாமல் வாருங்கள், நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்றாள். மீசைக்காரர் மீசையை ஒருநாள் ஊசி குத்திச் சுருட்டிவிட்ட கதையை ஆரம்பித்தாள். நான் கண்ணாடியைப் பார்த்தபடியே வாரினேன்.