லூயியின் பட்டியல்

23.8.88, செவ்வாய்

அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து லூயியின் பட்டியலை இன்று நானே அழித்தேன்.

இந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்த லூயி, பிரெஞ்சுக் குடியுரிமை இருந்ததால் மே மாதம் பாரீசுக்குப் போய்விட்டார். மெஷினைப் போட்டதும், என்ன வேலை வேண்டும் என்று கேட்கும், அவர் எழுதிவைத்த பட்டியல்தான் திரையில் வரும், எல்லாம் பிரெஞ்சில். அதில் எந்தக் கடிதத்தைக் கேட்டாலும் அவருடைய பழைய புரோகிராமில்தான் திறக்கும். புதிய புரோகிராமில் அடித்த கடிதங்கள் அதில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தன.

"ஃபிரான்சுல குந்திக்கினே நம்மள ஆட்டிவைக்கிறாரு பாரு," என்றார் டைப்பிஸ்ட் மூர்த்தி.

மானேஜர் சிரிக்கவில்லை. "யாருக்கும் புரியாத பாஷை எதுக்கும்மா? மொத்தமா எடுத்துடு."

செருப்பைக் கழற்றிவிட்டு கம்ப்யூட்டர் இருந்த ஏசி அறைக்குள் போய் உட்கார்ந்தேன். கடிதங்களைக் கெடுத்தது பட்டியலில் இருந்த ஒரே வரி. அதை மட்டும் மாற்றினால் போதும் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. பட்டியலின் உச்சியில் 'போன்ழூர், மத்மசேல்' என்று இருந்தது. மத்மசேல் என்றால் செல்வி; அலுவலகத்தில் பெண் நான் ஒருத்திதான். அவர் போன பிறகும் காலையில் எனக்கு வணக்கம் சொன்னது அந்த வரி மட்டும்தான். அதை விட்டுவைத்திருக்கலாம். ஏன் என்று மானேஜர் கேட்டால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தேன். மொத்தமாக அழித்தேன். கடிதங்கள் ஒழுங்காகத் திறந்தன. "பரவாயில்லையே," என்றார் மானேஜர்.

சாயங்காலம் மூர்த்தி, "இன்னா மேடம், மூஞ்சி வாடிப்போயிருக்கு?" என்று கேட்டார். தலைவலி என்றேன். கடைக்குப் போய் மாத்திரை வாங்கி வந்தார். அவர் எதிரிலேயே போட்டுக்கொண்டேன்.