கண்ணுக்குள் நிற்காதவன்

மார்ச் 2, திங்கள்

மாத முடிவுக்குள் கல்லூரியில் சொல்லியாக வேண்டும். மனசு எப்படி வேலை செய்கிறது என்று படிக்கும் அறிவாற்றல் அறிவியலில் முதல் வருஷம் எல்லோருக்கும் ஒன்றுதான். அடுத்த வருஷத்திலிருந்து பி.ஏ. அல்லது பி.எஸ்சி. பி.ஏ. என்றால் தத்துவம், மொழியியல், ஆட்களோடு உட்கார்ந்து பேசுவது. பி.எஸ்சி. என்றால் புள்ளியியல், நரம்பியல், ஆய்வகம். கிட்டத்தட்ட பி.ஏ. என்று முடிவு செய்துவிட்டேன். தத்துவத்தின் மேல் காதல் எல்லாம் இல்லை. கணக்கு என்றால் பயம், அவ்வளவுதான்.

அம்மாவைக் கேட்டேன். "எதைப் படிச்சா வேலை கிடைக்குமோ அதைப் படி" என்றாள். அது எது என்றால், "உனக்குத்தான் தெரியணும்." கடையிலிருந்து தைக்க வாங்கிவந்த திரைச்சீலைக்கு மடிப்பு வைத்துக்கொண்டே சொன்னாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மார்ச் 4, புதன்

 நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

மொழியும் மனமும் வகுப்பு. மேடம், "கண்ணை மூடுங்க. ஒரு குதிரையை நினைச்சுக்கோங்க" என்றார். நினைத்தேன். "என்ன நிறம்?" பழுப்பு, வெள்ளை, கறுப்பு என்று வகுப்பு முழுக்கச் சத்தம். "எந்தப் பக்கம் பாத்து நிக்குது?" "இடது பக்கம்!" என்று பக்கத்தில் பல்லி கத்தினாள். (என் தோழி. ஒட்டிக்கொண்டால் விடமாட்டாள், அதனால் அந்தப் பெயர்.) எல்லோரும் சும்மா அடித்துவிடுகிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

"ஏய், நிஜமாவா தெரியுது?"

"ஆமா. உனக்கு?"

"குதிரைன்னு தெரியுது."

"அது சரிடி. குதிரை தெரியுதா?"

இருட்டு. கண்ணை மூடினால் இருட்டுதானே? எல்லோருக்கும் அப்படித்தானே?

வயிறு எரிகிறது என்கிறோம், உள்ளே தீயா இருக்கிறது? மனக்கண் என்பதும் அப்படி ஒரு பேச்சு என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன்!

மார்ச் 5, வியாழன்

அப்படியென்றால் அம்மா சொல்வது?

அண்ணன் லாரியில் அடிபட்டுப் போய் நாலு வருஷம். அந்த வாரமே அவன் போட்டோக்களை எல்லாம் அம்மா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். "போட்டோ எதுக்கு? கண்ணுக்குள்ளயே நிக்கிறான்" என்பாள். துக்கத்தில் சொல்கிற வார்த்தை என்று விட்டுவிட்டேன்.

நிற்கிறானா? நிஜமாகவே?

மார்ச் 6, வெள்ளி

கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"நிஜமாத்தான் நிக்கிறான். தலை துவட்டாம, ஈரம் சொட்டச் சொட்ட அந்தக் கதவுகிட்ட. இது என்னடி கேள்வி?"

"எனக்குத் தெரியலம்மா. கண்ணை மூடினா ஒண்ணுமே வரல."

அம்மா கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "நாலே வருஷம். கூடப்பிறந்தவன் முகத்தை மறந்துட்டியா?"

மறக்கலம்மா. உன் முகமும்தான் வரல. நீ அடுத்த ரூமுக்குப் போனாலே வராது. இதை எப்படிச் சொல்வது? சொன்னேன். மோசமாகிவிட்டது.

மார்ச் 9, திங்கள்

அம்மா பேசவில்லை. மேஜையில் சாப்பாடு மட்டும் இருக்கிறது.

மார்ச் 11, புதன்

விஷயத்தைக் கேட்ட மேடம் ஆய்வகத்துக்கு அனுப்பினார். அங்கே ஆராய்ச்சி மாணவர் ஒருவர், எல்லோரும் 'தாடி' என்கிறார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, எதிரே கேமராவை வைத்தார். உச்சிவெயில் சூரியனை மனசில் நினைத்தாலே போதுமாம், படம் தெரிகிறவர்களுக்குக் கண்ணின் நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம் சுருங்கிவிடுமாம். நடிக்க முடியாது.

எனக்கு அசையவே இல்லை. திரும்பத் திரும்பச் செய்தோம்.

"வியாதி இல்ல, பயப்படாத. சிலருக்கு இப்படித்தான்" என்றார்.

பயம் இல்லை அண்ணா. இத்தனை வருஷம் வெறும் ஒலிச்சித்திரத்தை முழுப்படம் என்று நம்பியவளுக்கு என்ன வருமோ, அது.

மார்ச் 14, சனி

பல்லிதான் அம்மாவைக் கூட்டிவந்தாள். என்ன சொல்லி ஒட்டிக்கொண்டாளோ!

தாடி முதலில் அம்மாவை உட்காரவைத்தார். "சூரியனை நினைங்கம்மா." திரையில் பெரிதாக அம்மாவின் கண். கறுப்பு வட்டம் கடுகாகிவிட்டது. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அறையில் மங்கல் விளக்குதான். அவள் எதிரே எதுவுமே இல்லை.

அடுத்து நான். என் வட்டம் அசையவில்லை.

அம்மா திரையையே பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்போ இவகிட்ட அவன் இல்லவே இல்லையா?" என்று தாடியைக் கேட்டாள்.

"அது எங்க மெஷினுக்குத் தெரியாதும்மா" என்றார்.

மார்ச் 15, ஞாயிறு

அம்மா பீரோவைத் திறந்து அண்ணனின் போட்டோ ஒன்றை என் மடியில் வைத்தாள்.

அவன் மூக்கு என் மூக்கு. புருவம் என் புருவம். என்னிடம் யாருமே சொன்னதில்லை.

"உன்னைப் பாத்தா அவனைப் பாத்த மாதிரியே இருக்கும். அதான் சில நாள் உன் முகத்தைப் பாக்காமலே பேசுவேன். நீ கவனிச்சிருக்க மாட்டே" என்றாள்.

கவனிக்காமலா? நாலு வருஷமாக, நான் இருந்து அவன் போனதில்தான் அவளுக்கு வருத்தம் என்று — எழுத முடியவில்லை.

அவளிடம் சொன்னேன். அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி, அப்படியா நினைச்சே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். 

மார்ச் 18, புதன்

கப்பலில் வேலை பார்க்கும் அப்பா அங்கிருந்து கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன்.

"எனக்கும் அப்படித்தான்மா. நானும் எல்லாருக்கும் இருட்டுதான்னு நினைச்சேன். உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே. 'உன் முகம் கண்ணுலயே நிக்குது'ன்னு சொல்லித்தான் கட்டிக்கிட்டேன்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"அடப்பாவி மனுஷா!" என்றாள் அம்மா, பின்னாலிருந்து.  பிறகு அம்மா சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதாள்.

மார்ச் 27, வெள்ளி

என் வாயால் சொன்னபோது அம்மா நம்பவில்லை. மெஷின் சொன்னதும் நம்பினாள். இதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு ஆள் தன் மனசைப் பற்றிச் சொல்கிற வார்த்தைக்கு மதிப்பே இல்லையா? இந்தக் கோபத்துக்கு பி.ஏ.தான் சரி.

ஆனால் அந்த மெஷின் இல்லாமல் இருந்திருந்தால்? அண்ணனை மறந்தவளாகவே இந்த வீட்டில் கிடந்திருப்பேன்.

பி.எஸ்சி. என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கணக்குக்கு என்ன செய்யப்போகிறேன் என்று சத்தியமாகத் தெரியவில்லை. பல்லி, "உனக்குப் பைத்தியமா?" என்கிறாள். இருக்கலாம்.

ஆகஸ்ட் 20, வியாழன்

புள்ளியியல் முதல் தேர்வில் தோல்வி. மறுபடி எழுதலாம்.

வாரம் ஒருநாள் ஆய்வகத்தில் ஆட்களை உட்காரவைக்கும் வேலை கிடைத்திருக்கிறது. இன்று பஸ் ஓட்டுகிற அம்மா ஒருவர் வந்தார், சீருடையோடு. சூரியனை நினைக்கச் சொன்னேன். வட்டம் அசையவில்லை. மறுபடி சொன்னேன். அசையவில்லை.

தாடையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏம்மா, அப்ப மத்தவங்களுக்கெல்லாம் நிஜமாவே தெரியுதா?" முகம் வெளுத்திருந்தது.

பக்கத்து அறையிலிருந்து தாடி, "முடிஞ்சதா? அடுத்த ஆளை அனுப்பு" என்றார்.

"கொஞ்சம் இருங்கண்ணா."

கேமராவை அணைத்தேன். நாற்காலியை இழுத்து அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

"ஆமாம்மா, தெரியுதாம். எனக்கும் உங்களை மாதிரி இருட்டுதான். நீங்க சொல்லுங்க, யாரையாவது நினைச்சா உங்களுக்கு என்ன வருது?"

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். பிறகு பேச ஆரம்பித்தார்.