சைலன்சரை மாட்டியது நான்தான்

அன்பு மகன் யோவ்னாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே வடக்குப் பனியில் நானும் நாய்களும் நம் மந்தைப் பனிமான்களும் சுகம். ஹெல்சிங்கியில் நீயும் மருமகளும் நல்ல சுகமென்று நம்பித்தான் இதை எழுதுகிறேன், உடம்பு சரியில்லாதவனைத் திட்ட எனக்கு மனம் வராது.

போன திங்களன்று பனிவண்டியின் எஞ்சின் திடீரென்று காட்டுத்தனமாக உறும ஆரம்பித்தது, பார்த்தால் சைலன்சரில் விரிசல். அந்தச் சத்தத்தோடு போனால் மந்தை சிதறிவிடும். உன் மாமா ஹெய்க்கா, "அக்கா, ஞாயித்துக்கிழமை மந்தைல அவங்கவங்க மானைப் பிரிக்கிறப்ப இதை எடுத்துக்கிட்டு வந்துராத, வீட்லயே இரு" என்று சொல்லிவிட்டான். உன்னிடம் போனில் புலம்பினேன், "விடும்மா, நான் பாத்துக்கறேன்" என்றாய். நீ பார்த்துக்கொண்ட லட்சணம் வியாழக்கிழமை தெரிந்தது. அன்று காலை மூடியைத் திறந்து, சைலன்சரைப் பிடித்திருக்கும் ஸ்ப்ரிங்குகளில் கயிற்றைக் கோத்து ஒவ்வொன்றாக இழுத்தேன், மூன்று ஒழுங்காக வந்தன, நான்காவது எகிறி நெற்றியில் அடித்துவிட்டுப் பனிக்குள் விழுந்தது, தேடி எடுக்க அரை மணி நேரம். சைலன்சரை மடியில் வைத்துக் கரி துடைத்துக்கொண்டிருக்கிறேன், ஒருவன் வேனில் வந்து இறங்கி, "உங்க மகன் விளம்பரம் போட்டிருந்தாரே, வண்டிய ஏத்திட்டுப் போக வந்தேன்" என்கிறான். நெற்றியைவிட நெஞ்சு வலித்தது யோவ்னா. "வண்டி விக்கறதுக்கில்ல, மகன வேணும்னா தர்றேன், ஏத்திட்டுப் போங்க" என்றேன். நல்ல மனுஷன், சிரித்துவிட்டார். காபி குடித்துவிட்டு, வெல்டிங் கடைவரை என்னை அவரே கொண்டுபோய் விட்டுக் கூட்டியும் வந்தார். கடைக்காரன் விரிசலை அடைத்துவிட்டு, "இத யாரு மாட்டுவா?" என்று கேட்டான். "கழட்டுனவதான்" என்றேன்.

சொல்வது சுலபம். மறுநாள் குழாய் வாயில் பழைய பசையைச் சுரண்டிப் புதிதாகத் தடவி உட்காரவைத்தேன், மூன்று ஸ்ப்ரிங் மாட்டியாயிற்று, கடைசி ஒன்று எட்டவே இல்லை. உன் அப்பா இருந்தவரை ஒரு கையால் செய்த வேலை. பனியிலேயே உட்கார்ந்து கொஞ்சம் அழுதேன், மறைப்பானேன். பிறகு வண்டியில் காலை உதைத்துப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு, ஸ்ப்ரிங் டக்கென்று கொக்கியில் விழுந்தது. ஞாயிறன்று மந்தைக்குப் பக்கத்திலேயே ஓட்டிப் போனேன், ஒரு மான்கூடத் தலை தூக்கவில்லை. ஹெய்க்கா என் கரிக்கையைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், "சரி, மந்தைக்கு இடது பக்கம் நீ பாத்துக்க" என்றான், அவ்வளவுதான்.

தனியாக எங்காவது விழுந்துகிடப்பேனோ என்ற பயத்தில்தான் செய்தாய், தெரியும். ஆனால் அந்தப் பயம் உன்னுடையது, அதற்காக என் வண்டியை விற்காதே. விளம்பரத்தை இன்றே எடுத்துவிடு. கடவுள் உங்கள் இருவரையும் குறைவில்லாமல் வைத்திருக்கட்டும். ஈஸ்டருக்கு வாருங்கள், நான் ஓட்டுகிறேன், நீ பின்னால் உட்கார்.

கோபம் தீராத, பாசமும் குறையாத
உன் அம்மா ரிஸ்டென்