அண்ணி அரைத்த மஞ்சள் வண்ணம்

என் பிரியமான அண்ணிக்கு,

போன வாரம்தான் நீங்கள் அரைத்துச் செய்த வண்ணங்களை முதல்முறையாகப் பூசிப் பார்த்தேன். கம்பெனியில் நாளெல்லாம் பாகங்களைப் பரிசோதிக்கிறவளுக்கு வீட்டிலும் பரிசோதனையா என்று நீங்கள் கூப்பிட்டபோதெல்லாம் சலித்துக்கொண்டவள்தான் நான்.

பெங்களூரிலிருந்து யாரோ உங்கள் வண்ணப் பெட்டி ஒன்று விலைக்குக் கேட்டிருந்தார்கள். அனுப்புமுன் தாளில் ஒவ்வொன்றாகத் தீற்றினேன். காவிக்கல் சிவப்பு, அவுரி நீலம், விளக்குக் கரி எல்லாம் அடக்கமாக உட்கார்ந்தன. மஞ்சள் மட்டும் தகதகவென்று நின்றது. அது தீரும் நிலையில் இருந்ததால், நீங்கள் அரைக்காமல் வைத்திருந்த கட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன்.

கடைக்கார பாய் பார்த்ததும் முதலில் கையைக் கழுவச் சொன்னார். "அரிதாரம்மா இது, பாஷாணம், ஆர்சனிக் வெஷம். உங்க அண்ணிதான் சுவத்துல படம் எழுதன்னு வாங்கினு போனாங்க. வாய்ல படக்கூடாதுன்னு சொல்லித்தான் குடுத்தேன்."

சொன்னாரா அண்ணி? உங்கள் காதில் விழவில்லையா?

முலாம் பூசும் கம்பெனியில் அமிலப் புகை ஆகாது என்று வேலையை விட்டவர் நீங்கள். மத்திகிரி வாடகை வீட்டில் உட்கார்ந்து இதைப் பொடித்து, வேலம்பிசினும் தேனும் விட்டுக் குழைத்தீர்கள். தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கினீர்கள். "கெமிக்கலே கெடையாது, தேன்தான். நாக்குல பட்டாலும் ஒண்ணும் ஆவாது" என்று உங்கள் ஞாயிற்றுக்கிழமை ஓவிய வகுப்புப் பிள்ளைகளையும் அப்படியே பழக்கினீர்கள்.

உங்கள் உள்ளங்கை தடித்துக் கறுத்தது. கால் மரத்தது. சோறு வயிற்றில் தங்கவில்லை. பார்த்த டாக்டர் யாரும் வண்ணத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அதுதான் உங்களைக் கொன்றதா? இனி யார் சொல்லப் போகிறார்கள்?

செத்தவர்மேல் கோபப்படக் கூடாதாம். எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

உங்கள் கருமாதியில் வந்தவர்களுக்கு வழக்கம்போல எவர்சில்வர் டம்ளர் கொடுக்க வேண்டாம் என்றார் அண்ணன். வந்த பிள்ளைகளுக்கெல்லாம் உங்கள் நினைவாக ஆளுக்கொரு வண்ணப் பெட்டி கொடுத்தார். எடுத்துக் கொடுத்ததில் என் கையும் இருந்தது.

அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னதும், "ஊடு ஊடாப் போயி எம் பொண்டாட்டி வெஷம் குடுத்தான்னு சொல்லப் போறியா?" என்று கேட்டார். பிறகு உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. பெட்டிகளைத் திரும்ப வாங்க நான்தான் வீடு வீடாகப் போனேன். ஒரு தாய் பெட்டியை என் காலடியில் வீசினாள். இன்னொருத்தி மகளின் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அழுதாள். பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தமும் சிறுநீரும் எடுத்திருக்கிறார்கள். ரிசல்ட் இன்னும் வரவில்லை.

ஒரு பெட்டிதான் பாக்கி. உங்கள் செல்லப் பிள்ளை ஷபானாவுடையது. அப்பாவுக்கு வேலை மாறியதால் குடும்பத்தோடு கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டாள். அவள் அம்மா போனில் அழுகிறாள். "எங்கயோ ஒளிச்சி வெச்சிருக்காக்கா. அடிச்சும் பாத்துட்டேன், சொல்ல மாட்டேங்கறா. எங்க மிஸ் தப்பானது எதுவும் தரமாட்டாங்கன்றா."

நாளைக் காலை பஸ்ஸில் போகிறேன். மிஸ் தெரியாமல் தப்பு பண்ணிவிட்டார், உயிரோடிருந்தால் அவரே திருப்பிக் கேட்டிருப்பார் என்று சொல்லப் போகிறேன். நீங்கள் கேட்டால்தான் அவள் கொடுப்பாள். உங்கள் பெயர் கெட்டால் கெடட்டும் அண்ணி. அந்தப் பெட்டி இல்லாமல் நான் வீடு திரும்ப மாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
கலா