தமிழ்ப் பலகை

டான்டினோங்,
2 டிசம்பர் 2012

அன்புள்ள உங்களுக்கு,

சங்கரி எழுதுவது. நானும் பிள்ளை யோகாவும் நலம். நீங்களும் சிட்னியில் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தொலைபேசியில் என் தம்பி சேகர் பெயரை எடுத்தாலே, வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். எங்களைத் தவிர வேறு எதையும் நீங்கள் பாதியில் விட்டதில்லை, இதையும் முழுக்கப் படிப்பீர்கள்.

யோகாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. குளியலறைக் குழாய் சொட்டுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், சமைக்கிறேன், மருத்துவமனைக்குப் போய் வருகிறேன். கோவிலில் பார்க்கிறவர்கள் எனக்குத் தைரியம் அதிகம் என்கிறார்கள். தைரியமெல்லாம் இல்லை. மரத்துப்போய்விட்டது, அவ்வளவுதான். அழுகைகூட வர மாட்டேன் என்கிறது.

சேகருக்கு இடுப்பில் இரண்டாவது அறுவை சிகிச்சையும் முடிந்தது. நடந்துவிடுவான், ஆனால் இனிப் பந்தயக் கார் ஓட்ட முடியாது என்று டாக்டர் சொன்னார். அவன் சரி என்றான். பிறகு, நாளைக்கு வரும்போது ரசம் கொண்டு வா என்றான்.

விபத்துச் செய்தி கேட்டதும் நீங்கள் சொன்ன ஒரே வார்த்தை, சொன்னால் கேட்டானா என்பதுதான். அப்படி நினைக்க உங்களுக்குக் காரணம் இருக்கிறது. இருபத்தைந்து வருடப் பழைய டர்போ கார் ஒன்று, அதற்கு எஜமானர்கள் இரண்டு பேர். டர்போ அழுத்தத்தைக் கூட்டினால் வேகம் வரும், ஆனால் எஞ்சின் போய்விடும் என்று நீங்கள். போவதற்குள் ஜெயித்துவிடலாம் என்று அவன். பிலிப் தீவுப் பந்தயத்தில் உங்களைக் கேட்காமல் கூட்டி டர்போவை உடைத்தான். நீங்கள் எல்லார் முன்னாலும், குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்தது என் தப்பு என்றீர்கள். அவனும் சும்மா இருந்தானா, மச்சான் கட்டுகிற எஞ்சினைச் சாமி அறையில் வைத்துக் கும்பிடலாம் என்றான். மறுவாரமே சிட்னிக் குழு கூப்பிட்டது, போய்விட்டீர்கள்.

நீங்கள் போன பிறகு, பாதையோரப் பிட் சுவரில் நின்று ஓட்டுகிறவனுக்குப் பலகை காட்டும் வேலை நம் குழுவின் கிரெக்கிடம் வந்தது. பக்கத்துக் குழுக்காரர்கள் நம் குறிப்பைப் படித்துவிடக் கூடாது என்று நீங்கள் தமிழில் எழுதி வைத்தீர்களே, அதே மஞ்சள் பலகைகள். அவர்கள் தலையைச் சொறிவதைப் பார்த்து நீங்கள் இரண்டு பேரும் எப்படிச் சிரிப்பீர்கள். கிரெக் பாவம், எனக்கு இது ஒன்றும் புரியவில்லை, ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறேன் என்று கேட்டிருக்கிறார். சேகர்தான் விடவில்லை. மச்சான் எழுதனது இருக்கட்டும், வேற வேணாம் என்றானாம்.

விபத்து நடந்த சேன்டவுன் பந்தயத்துக்கு மறுவாரம் கிரெக் வீட்டுக்கு வந்தார். வேனிலிருந்து பலகைகளை இறக்கி வாசலில் சாத்தி வைத்து, ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லச் சொன்னார். ஏன் கேட்கிறார் என்று தெரியாமலே படித்தேன். இது ‘உள்ளே வா’. இது ‘குறை’. இது ‘கூட்டு’. கடைசிப் பலகையை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். பந்தயத்தின் பின்பாதியில் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் காட்டுவதுதான் அன்றைய ஏற்பாடு. அவர் காட்டியது ‘கூட்டு’. நமக்கு அது எழுத்து, அவருக்கு எல்லாமே கோலம்தானே. அடுத்த சுற்றில் நேர்ப்பாதையில் எஞ்சின் வெடித்து, சிந்திய எண்ணெயிலேயே வழுக்கிக் கார் சுவரில் மோதியது.

அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினேன். அவர் மேல் கோபம் வரவில்லை. உங்கள் மேலும் வரவில்லை. யார் மேலாவது வந்தால் நன்றாக இருக்கும்.

சேகரிடம் கேட்டேன். அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. விசாரித்த அதிகாரிகளிடம், என் பேராசை, நானாகத்தான் கூட்டினேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். கிரெக் இரண்டு பிள்ளைக்காரர், அவர் பெயர் வர வேண்டாம் என்றான். குறைப்பதாகத்தானே பேச்சு, பலகை மாறி வந்தபோது உனக்குச் சந்தேகம் வரவில்லையா என்று கேட்டேன்.

அந்தப் பலகையை நீங்கள் எழுதி வைத்ததோடு சரி, ஒரு பந்தயத்திலும் காட்டியதில்லை. அவன் வாயை அடைக்க எழுதியது என்று நீங்களே சொல்வீர்கள். கிரெக் தானாக அதை எடுக்கிற ஆளும் இல்லை. அதனால் அதைப் பார்த்ததும், மச்சான் வந்துட்டாருன்னு நெனச்சேன்க்கா என்றான். சிட்னியிலிருந்து வந்து சுவருக்குப் பின்னால் நிற்கிறீர்கள், ஒரு முறை அவன் இஷ்டத்துக்கு விட்டுப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தானாம். சிரித்துக்கொண்டேதான் கூட்டினானாம்.

சொன்னால் கேட்டானா என்று கேட்டீர்களே. கேட்டான்.

இதை உங்களுக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான். சத்தியத்தை மீறிய பாவம் என்னோடு போகட்டும். உங்களுக்குத் தெரிந்ததாக அவனிடம் காட்டிக்கொள்ளாதீர்கள். எஞ்சினைப் பற்றியும் பேச வேண்டாம். பேச ஒன்றும் இல்லாவிட்டால் பரவாயில்லை, கட்டில் பக்கத்தில் நாற்காலி இருக்கிறது.

வரும் சனிக்கிழமை நீங்கள் வருவதாக, உங்களைக் கேட்காமலே அவனிடம் சொல்லிவிட்டேன். இன்று காலை நர்ஸிடம் சொல்லித் தாடியை மழித்துக்கொண்டிருக்கிறான். முருகன் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். வந்துவிடுங்கள். நீங்கள் வந்துவிட்டதாக நினைத்து அவன் இன்னொரு முறை ஏமாறக் கூடாது.

உங்கள்,
சங்கரி