செத்துட்டார்னுதான் சொன்னேன்

அன்புள்ள மகனுக்கு,

நான் நலம், வீடும் நலம், குளியலறைக் குழாய் மட்டும் இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. நீ நலமா என்பதைச் சாப்பாட்டில் ஆரம்பித்துத் தூக்கம் வரை ஒன்று விடாமல் எழுது. போனில் பேசினால் நடுவில் புகுந்துவிடுவாய், அதனால்தான் கடிதம். "ஒரு ஸாரி எழுதிக் குடுத்துட்டு வேலையைப் பாரும்மா, கார்ட்டூனுக்கெல்லாமா சண்டை போடுவாங்க" என்று நீ அனுப்பியதைப் படித்தேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் பதினெட்டு வயதில் உன்னைப் பெற்றவள் நான், எனக்கு நீ புத்தி சொல்லலாம், தப்பில்லை. ஆனால் நடந்ததை முழுசாகக் கேட்டுவிட்டுச் சொல்.

ஆறு வருஷமாக அந்தப் பறக்கும் பையனுக்கு நான்தான் டப்பிங் குரல். முப்பத்தெட்டு வயதில் பத்து வயசுப் பையனாகக் கத்திக் கத்தி, போனில் பேசினால் "வீட்ல பெரியவங்க இல்லையா தம்பி" என்று கேட்கிறார்கள். இந்தத் தடவை கதையில் பையன் ஒரு கையால் பஸ்ஸைத் தூக்கி ஜனங்களுக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருக்கிறான், அந்த நேரம் பார்த்துப் பாலம் இடிந்து, தீயணைப்பு வேலையில் இருக்கும் அவன் அப்பா அடியில் மாட்டிக்கொள்கிறார். இவன் போய்ச் சேர்வதற்குள் துணி போட்டு மூடிவிட்டார்கள். அப்பா எங்கே என்று தங்கச்சி கேட்கிறாள். மூலப் படத்தில் பையன் ஒளிக்காமல் சொல்கிறான். எங்களுக்குக் கொடுத்த தமிழ் வசனத் தாளில் "அப்பா நல்லாத் தூங்கிக்கிட்டு இருக்கார், சீக்கிரம் எழுந்திருவார்" என்று மாற்றியிருந்தார்கள். பிள்ளைகள் பயந்துவிடுமாம், சேனல்காரர்கள் சொன்னார்களாம். மூன்று தடவை படித்தேன். படத்தில் அவன் வாய் சட்டென்று திறந்து மூடிவிடுகிறது, தாளில் இருப்பது ரயில் மாதிரி நீள்கிறது. நாலாவது தடவை "செத்துட்டார், நான் லேட்டா வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். வாய் தவறி இல்லை, தெரிந்தேதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்ட் என்ஜினியர், ஏசிக்குப் பயந்து வருஷம் முழுக்க மஃப்ளர் சுற்றிக்கொண்டிருப்பாரே அவர், "உதட்டுக்குக் கச்சிதமா உட்காருது, அடுத்தது போலாம்" என்றார். டைரக்டர் டீ குடிக்கப் போயிருந்தார். அப்படியே ஒளிபரப்பாகிவிட்டது.

ஏழு பெற்றோர்கள் புகார் எழுதினார்கள். டைரக்டர் கூப்பிட்டு, "தாள்ல இருக்கறதைப் படிக்கறதுதானேம்மா உன் வேலை, பிள்ளைங்களை அழ வைக்கறதா?" என்றார். "அப்பா தூங்குறார்னா, அடுத்த மூணு வாரமும் அந்தப் பையன் எதுக்கு சார் சுவரைக் குத்திக்கிட்டுத் திரியறான், அவர் தூக்கத்தைக் கலைக்கவா?" என்று கேட்டேன். மஃப்ளர்காரர் இருமுகிற மாதிரி சிரித்தார். டைரக்டர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் மன்னிப்புக் கடிதம் வேண்டும், மறு ஒளிபரப்புக்கு அந்த வசனத்தைத் திருத்திப் பேச வேண்டும், இல்லாவிட்டால் பையன் வேறு ஒருத்திக்கு என்றுவிட்டார்.

கார்ட்டூனில் சாவு எதற்கு என்று நீயும் கேட்கிறாய். நீ கேட்கலாமாடா? அப்போது உனக்கு அஞ்சு வயசு. உன் அப்பாவை முன்னறையில் கிடத்தியிருந்தோம். நீ என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டபோது "அப்பா தூங்குறார்டா" என்று சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை. இருபத்துமூன்று வயதில் எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. அதற்கப்புறம் ஒரு வருஷம், மதியம் நான் கொஞ்சம் கண் அசந்தால் போதும், மேலே ஏறி உட்கார்ந்து ரெண்டு விரலால் என் இமையைப் பிரிப்பாய். "தூங்காதம்மா, தூங்காதம்மா" என்பாய். உன் நகம் கீறிய தழும்பு இடது கண் ஓரத்தில் இன்னும் இருக்கிறது. குறும்பு என்று நினைத்து உன்னை அடித்திருக்கிறேன். அந்தத் தாளைப் படித்தபோதுதான் அது குறும்பில்லை என்று எனக்கு உறைத்தது. ஊர்ப் பிள்ளைகள் எத்தனை பேருக்கு நான் இன்னொரு தடவை அதையே சொல்வது?

இன்று காலை நேரில் போய் முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். பையன் கையைவிட்டுப் போய்விட்டான். புதிதாக அவனுக்குப் பேசப் போகிறவள் மத்தியானமே போன் செய்து, "அக்கா, அவன் பறக்கறப்ப மூச்சை எங்க பிடிக்கணும்?" என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன், அவள் மேல் என்ன கோபம். எனக்குத் திங்கட்கிழமையிலிருந்து ஒரு பேசும் வாத்து இருக்கிறது, பட்டினி கிடக்க மாட்டேன், நீ பணம் கிணம் அனுப்பாதே. ஈரத் தலையோடு வெளியே கிளம்பாதே.

நல்லா இருப்பாய், நீண்ட நாள் இருப்பாய். பதிலில் மற்றது எதை விட்டாலும் இதை விடாதே. அப்பா எழுந்திருக்க மாட்டார் என்று உனக்கு யார் சொன்னது? நான் சொல்லவே இல்லை, பதினைந்து வருஷமாகக் கேட்கவும் இல்லை. எங்கே வைத்துச் சொன்னார்கள், அப்போது உன் பக்கத்தில் யாராவது இருந்தார்களா? எழுது.

இப்படிக்கு,
அன்றைக்குப் பொய் சொன்ன
உன் அம்மா